மஞ்சள் பூசிய சப்பாத்து

வருடப்பிறப்பன்று காலையில் தலை முழுகி, சுவரில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தைக் கும்பிட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியை வெளியே இழுத்தேன். உள்ளே மலையேறும் சப்பாத்து ஒரு சோடி. மாசியில் வாங்கியது. கறுவா நிறத் தோல், செங்கல் போலக் கனத்த அடி. அன்றுவரைக்கும் அதை நான் காலில் போட்டதில்லை. சட்டையென்றாலும் சப்பாத்தென்றாலும் புதுசை நல்ல நாளில்தானே முதன்முதலாகப் போடவேண்டும்.

மஞ்சளை நனைத்து இரண்டு சப்பாத்தின் நாக்கிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். பிறகு காலில் மாட்டி, ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்து பார்த்தேன். குதிப் பக்கம் கொஞ்சம் தளர்ந்து ஆடியது. அது தெரிந்தே வாங்கியதுதான். விலை கூடிய சாமானென்றால் கனகாலம் உழைக்கவேண்டுமென்று ஒரு அளவு பெரிதாக வாங்கி, முனையில் பஞ்சு அடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் அப்படியே பஞ்சை அடைத்தேனே தவிர, கால் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு வளராது என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. திருப்தியோடு கழற்றி, திரும்பவும் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மறுநாள் பாலைவனத்துக்குப் பயணம்.

அது எழுபத்தேழாம் ஆண்டு. மெல்பேணில் நீர்மட்டம் அளக்கும் சிறிய நிறுவனமொன்றில் வரைபடம் வரைபவனாக வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த வேலை ஆனி மாதத்தோடு முடிந்துவிடும். வெளிவேலைப் பகுதியில் மட்டும் ஓரிடம் காலியாக இருந்தது, அது நிரந்தரம். தெற்கு அவுஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் மலைகளுக்குள் வாகனம் போகாத இடங்களில் ஊற்றுகள் இருக்கின்றன. சாப்பாடு, தண்ணீர், கூடாரம், கருவிகள் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நாட்கணக்காக நடந்துபோய் அவற்றை அளக்கவேண்டும். அந்த நடைக்கு யார் தகுதி என்று தீர்மானிப்பவர் வெளிவேலைப் பொறுப்பாளர் ரொன்.

ஊரில், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கமலினி இருந்தாள். எங்களுக்குப் பதிவெழுத்து முடிந்திருந்தது, தாலி கட்டும் கலியாணம் நடக்கவில்லை. அவளுடைய தகப்பன் இரத்தினசிங்கம் என்னை வழியனுப்பும்போது ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "நிரந்தரமா ஒரு வேலை கிடைச்சிட்டுதெண்டு எழுதும் தம்பி, அடுத்த கிழமையே பிள்ளையை அனுப்புறன்." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் கோபமில்லாமல் சொன்னவற்றை ஒருநாளும் மாற்றியதில்லை.

ஆகவே இரண்டு மாதமாக எனக்கு நித்திரை சரியில்லை. நான் மலையேறுபவன் அல்ல. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தால் காய்ச்சல் வருகிற ஆள்.

ரொன்னிடம் ஒரு முறை இருந்தது. மலைக்குள் போவதற்கு முன் புது ஆட்களைப் பாலைவனத்து ஊரொன்றுக்குக் கூட்டிப்போய் கோல்ஃப் விளையாட வைப்பார். காலையில் முதுகுப் பையைச் சுமந்தபடி ஒன்பது குழிகள். பின்னேரம் முழுப் பாரத்தோடு ஒரு நெடிய நடை. தேறினால் மறுநாள் மலை. தேறாவிட்டால் என்ன நடக்குமென்பதைத் தேவா அண்ணை எனக்குக் காரில் வைத்துச் சொன்னார்.

தேவா அண்ணை என்று நான் கூப்பிடும் தேவராஜா சுன்னாகத்துக்காரர். எங்கள் நிறுவனத்தில் தண்ணீர் சோதிக்கும் பகுதியில் இருந்தார். மலைக்குள் நடக்கமாட்டார், வாகனத்தை ஓட்டிப்போய் மலையின் மறுபக்கத்தில் காத்திருப்பது அவர் வேலை. கோல்ஃப் என்றால் பைத்தியம். அடிலெய்டில் தங்கிவிட்டு வடக்கே போய்க்கொண்டிருந்தோம். ரொன் முன் ஆசனத்தில் தொப்பியை முகத்தில் கவிழ்த்து நித்திரை. வெளியே மரங்கள் குட்டையாகி, பிறகு பற்றையாகி, பிறகு அதுவுமில்லாமல் சிவப்பு மண் மட்டும் வந்தது.

"போன வருசம் ஸ்டீவ் எண்டு ஒருத்தன் வந்தவன், தெரியுமோ?" என்றார் தேவா அண்ணை.

"ஆர் அவன்?"

"ஆள் நல்ல கட்டை. கழுத்தெண்டு ஒண்டு இல்லை, அப்பிடி ஒரு உடம்பு. கோல்ஃப் விளையாடி முடிய அண்டு பின்னேரமே பஸ்ஸில ஏத்தி விட்டிட்டார் ரொன்."

"ஏன்?"

"கால் ஏலாமப் போச்செண்டு கேள்வி. நொண்டியிருப்பான்."

"நொண்டினதுக்கே பஸ்ஸில ஏத்தினவர்?"

"பின்ன? மலைக்குள்ள நொண்டினால் உம்மை ஆர் காவுறது? நானே?" கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏன் ஐசே பேயறைஞ்ச மாதிரி இருக்கிறீர்? உம்மட சப்பாத்து நல்ல சப்பாத்தெல்லோ. ரெண்டு கிழமைச் சம்பளம் எண்டு சொன்னனீர்."

"நல்ல சப்பாத்துத்தான் அண்ணை."

"பிறகென்ன? சப்பாத்து தன்ர பாட்டில நடக்கும். நீர் மேல நிண்டால் சரி."

அந்த ஊரில் ஒரு ஹோட்டல், ஒரு பெற்றோல் கடை, கோதுமைக் களஞ்சியம் ஒன்று. பெற்றோல் கடைக்கு முன்னால்தான் பஸ் நிற்கும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அது தெற்கே போகும். ஹோட்டல் அறை ஜன்னலைத் திறந்தேன். வேறெதுவும் தெரியாததுபோல் பஸ் தரிப்பிடத்துப் பலகை மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை கோல்ஃப் திடலுக்குப் போனபோது திடல் எங்கே என்று தேடினேன். படங்களில் கோல்ஃப் என்றால் பச்சைப் பசேலென்று இருக்கும். இங்கே புல்லின் ஒரு நுனிகூட இல்லை. சிவப்பு மண், கல், நடுவில் ஆங்காங்கே கம்பத்தில் கிழிந்த கொடி. பந்து செம்மஞ்சள் நிறம். ஒவ்வொருவர் கையிலும் வாசல் மிதியடி அளவில் பிளாஸ்ரிக் புல் துண்டு ஒன்றைத் தந்தார்கள். பந்தைக் கல்லிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்து அடிக்கவேண்டும்.

"உங்கட புல்லை நீங்களே கொண்டு திரியிற ஊர் இது," என்றார் தேவா அண்ணை.

பந்து விழும் குழியைச் சுற்றி மட்டும் மண்ணை எடுத்துவிட்டு, எண்ணெயில் பிசைந்த கறுப்பு மணலை வட்டமாகப் பரப்பியிருந்தார்கள். அதற்குப் பெயர் கிரீன். பச்சைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. விளையாடிய அடையாளம் தெரியாமல், கடைசியாகப் போகிறவர் ஒரு நீட்டுப் பலகையால் மணலைச் சுற்றிச் சுற்றி இழுத்து மட்டப்படுத்திவிட்டுப் போகவேண்டும். அதுதான் அங்கே விதி.

ரொன் என் பைக்குள் தண்ணீர்க் கான்களை அடுக்கினார். மெலிந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை என் தமிழிலேயே தருகிறேன்.

"நடக்கும்போது பை முதுகில் இருக்கவேண்டும். அடிக்கும்போது மட்டும் இறக்கலாம். பந்து எங்கே போகிறதென்று எனக்குக் கவலையில்லை."

"எனக்குக் கவலை," என்றார் தேவா அண்ணை. அவருக்குப் பை இல்லை. கிழிந்த கன்வஸ் சப்பாத்தோடு, மட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏதோ எஸ்ரேற் துரை மாதிரி முன்னால் போனார்.

முதலாவது குழிவரை எல்லாம் நன்றாகவே இருந்தது. என் முதல் அடியில் பந்து அசையவில்லை, புல் துண்டு பறந்தது. தேவா அண்ணை அதைப் பிடித்துக்கொண்டுவந்து, "பந்தை இதில வைக்கிறதெண்டு சொன்னது, இதை அடிக்கிறதெண்டு சொல்லேல்லை," என்றார். ரொன்னும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாவது குழிக்குப் போகும் வழியில் வலது குதியில் ஏதோ சூடாக உரசியது. காலை எடுக்கும்போது குதி மேலே எழும்பியது, வைக்கும்போது இறங்கியது. முன்னால் அடைத்த பஞ்சு பாரத்தில் நசுங்கி உருண்டையாகிப் பெருவிரலின் கீழே போய் நின்றது. மூன்றாவது குழியில் இடது காலும் சேர்ந்துகொண்டது. நான்காவதில் அது உரசல் அல்ல, நெருப்பு.

குனிந்து சப்பாத்தின் நூலைக் கட்டுவதுபோலப் பாவனை செய்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். விரல் ஈரமாக வந்தது.

"நித், கால் எப்படி?" என்று ரொன் கேட்டார். நித்தியானந்தன் என்ற பெயரில் அவருக்கு வாய்க்குள் அடங்கியது அவ்வளவுதான்.

"நல்லா இருக்கு."

"நிச்சயமாக?"

"வெரி குட்," என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து, நொண்டாமல், ஒரு இராணுவக்காரனைப்போல் நடந்தேன். இரத்தினசிங்கத்தாருடைய முகமும் பஸ் தரிப்பிடத்துப் பலகையும் மாறி மாறி வந்தன. இன்னும் நாலைந்து குழிதான். பிறகு பின்னேர நடை. பிறகு மலை. அந்த மூன்றையும் இந்தக் காலோடு எப்படி நடப்பதென்று யோசிக்க விரும்பவில்லை. நொண்டுவது தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

ஆறாவது குழி ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. தேவா அண்ணையின் பந்து பறந்துபோய் உப்புப் பற்றைக்குள் விழுந்துவிட, அவரும் ரொன்னும் அதைத் தேடிப் போனார்கள். நான் முதலில் கிரீனுக்கு வந்துசேர்ந்தேன். பையை இறக்கினேன். காற்று அந்தப் பள்ளத்துக்குள் வரவில்லை. ஒரு சத்தமில்லை. காலையில் யாரோ அந்த மணலை மிகக் கவனமாக இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நடுக் குழியிலிருந்து வெளிவிளிம்புவரை வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய கோடுகள். ஒரு காலடி இல்லை, ஒரு குப்பை இல்லை. நடுவில் ஒரு கம்பம், அதில் ஒரு கொடி.

நான் யோசித்துச் செய்யவில்லை. குனிந்தேன், சப்பாத்தைக் கழற்றினேன், சொக்ஸையும் கழற்றி அதற்குமேல் வைத்தேன், வெறுங்காலோடு மணலில் இறங்கினேன்.

குளிர்ச்சியாக இருந்தது. எண்ணெய் மணல் குதிப் புண்ணில் பட்டபோது எரிந்தது. பிறகு அந்த எரிவும் ஆறியது. இரண்டு நாளில் முதல் முறையாக மூச்சை முழுவதாக இழுத்து விட்டேன். கொடிக் கம்பத்தின் அருகில் போய் நின்றபோதுதான் எங்கே நிற்கிறேன், என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. கை பாதி கூப்பியபடி இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். வட்டக் கோடுகளின் குறுக்கே என் வெறும் பாதங்கள், விரல் விரலாகப் பதிந்திருந்தன. விளிம்பில் சப்பாத்தும், அதன்மேல் இரண்டு வெள்ளைச் சொக்ஸும். இரண்டினதும் குதி சிவப்பு.

மேட்டுக்கு அப்பால் தேவா அண்ணையின் குரல் கேட்டது. வருகிறார்கள்.

முதலில் அடையாளத்தை அழித்துவிடவேண்டுமென்று தோன்றியது. விளிம்பில் கிடந்த பலகையை எடுத்து இழுக்கத் தொடங்கினேன். ஒரு சுற்று வந்தேன். பழைய காலடிகள் போயின. பின்னால் பார்த்தால் புதிய காலடிகள். இன்னும் வேகமாக ஒரு சுற்று இழுத்தேன். அவையும் போயின, அவற்றின் இடத்தில் வேறு. நானும் பலகையும் கொடிக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நின்றால் பிடிபடுவேன் என்று நினைத்தேனோ என்னவோ, நிற்கவேயில்லை.

நிமிர்ந்தபோது இரண்டு பேரும் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியாது.

"இப்படியே சுற்றிக்கொண்டிரு," என்றார் ரொன். "கிறிஸ்மசுக்குள் முடித்துவிடலாம்."

தேவா அண்ணை சப்பாத்தைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் இருந்துவிட்டார்.

"ஐயோ ஐசே! செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போய் மூண்டு தரம் சுத்திறீரே! அருச்சனை ஏதும் செய்யிற எண்ணமோ?"

"சும்மா இருங்கோ அண்ணை."

"தேங்காய் கொண்டு வரேல்லையோ?"

"அவன் என்ன செய்கிறான்?" என்று ரொன் கேட்டார். தேவா அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினார்: எங்கள் ஊரில் கோயில் என்றால் இப்படித்தான் கூட்டித் துப்புரவாக, சத்தமில்லாமல், நடுவில் கொடிக்கம்பத்தோடு இருக்கும், அதைக் கண்டால் கால் தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றும், ஆளைக் கேட்காது.

ரொன் கிரீனை ஒருமுறை பார்த்தார். "நான் இதில் எத்தனையோ தரம் விளையாடியிருக்கிறேன். இதற்கு ஒருவரும் இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை," என்றார். சிரிக்கவில்லை. அவருடைய கண் சப்பாத்தின்மேல் இருந்தது. குனிந்து, ஒரு சொக்ஸை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

தேவா அண்ணையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வந்து இங்கே உட்கார்," என்றார் ரொன்.

உட்கார்ந்தேன். என் காலைப் பிடித்துத் திருப்பி, குதிரைக் குளம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இரண்டு குதியிலும் கொப்புளம் உடைந்து தோல் மடிந்து கிடந்தது. பெருவிரலுக்குக் கீழே இன்னொன்று, இன்னும் உடையாமல், நாவற்பழம் அளவில்.

"எந்தக் குழியில் தொடங்கியது?"

"ரெண்டாவது," என்றேன். பொய் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை.

"நான் எந்தக் குழியில் கேட்டேன்?"

"நாலாவது."

"அப்போது என்ன சொன்னாய்?"

  பள்ளத்துக்கு வெளியே தெருவில் ஏதோ வாகனம் போகும் சத்தம் கேட்டது. பஸ் பின்னேரம்தான் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

ரொன் தன் பையைத் திறந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சு, ஸ்பிரிற், ஊசி, பிளாஸ்ரர். ஊசியை நெருப்புக்குச்சியில் காட்டிவிட்டு நாவற்பழத்தின் விளிம்பில் குத்தினார். கையைப் பார்த்தால் இதையே தொழிலாகச் செய்பவர்போல இருந்தது.

"சப்பாத்து எப்போது வாங்கினாய்?"

"மாசியில."

"வாங்கிய பிறகு எவ்வளவு தூரம் நடந்தாய்?"

"நடக்கேல்லை. பெட்டிக்குள்ள வைச்சிருந்தனான்."

ரொன் தலையை நிமிர்த்தினார். "இரண்டு மாதமாகவா? ஏன்?"

"புதுசு," என்றேன். எனக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது. அவருக்கு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. தேவா அண்ணையைப் பார்த்தேன்.

"எங்கட வருசப்பிறப்பு இந்தக் கிழமைதான் வந்தது," என்று அவர் ரொன்னுக்கு விளங்கப்படுத்தினார். "புதுசு எதையும் அண்டைக்குத்தான் போடுறது. மஞ்சளும் பூசியிருப்பார். பூசினீரோ ஐசே?"

நான் தலையாட்டினேன். ரொன் சப்பாத்தின் நாக்கை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது.

"இதுவா? சாண்ட்விச் சாப்பிடும்போது கடுகு சிந்திவிட்டாய் என்று நினைத்தேன்." பிறகு சப்பாத்துக்குள் கையை விட்டு, நசிந்த பஞ்சு உருண்டையை வெளியே எடுத்தார். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் வருடப்பிறப்புக்கா?"

"இல்லை. அது சப்பாத்து பெரிசு எண்டதால."

"பெரிதென்று தெரிந்தே வாங்கினாயா?"

"கனகாலம் பாவிக்கலாமெண்டு."

ரொன் பஞ்சைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அதைக் கேட்டேவிட்டேன்.

"என்னை இண்டைக்குப் பஸ்ஸில அனுப்பப் போறீங்களோ?"

"எந்த பஸ்?"

"போன வருசம் ஸ்டீவை அனுப்பின மாதிரி. நொண்டினதுக்கு."

"நொண்டியதற்கு யார் அனுப்பினார்கள்? அவன் தண்ணீர்க் கானை எடுத்து ஹோட்டலில் ஒளித்துவிட்டு, பைக்குள் தலையணையை வைத்துக்கொண்டு வந்தான்."

நான் தேவா அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"நான் கேள்விப்பட்டதைத்தானே சொன்னனான்," என்றார். "கால் எண்டு சொன்னாங்களோ, தலையணை எண்டு சொன்னாங்களோ, ஒரு வருசமாச்சு."

"உங்கட கதையாலதான் அண்ணை நான் ரெண்டாவது குழியில இருந்து செத்துக்கொண்டு வாறன்!"

"நான் பம்பலுக்கு, சிரிக்கிறதுக்குச் சொன்னது. நீர் உயிரைக் குடுப்பீரெண்டு ஆர் கண்டது?"

ரொன்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சண்டையென்றால் விளங்கும். பிளாஸ்ரரை ஒட்டி, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்: "கொப்புளம் வரட்டும் என்றுதான் உங்களை இந்தத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இங்கே வந்தால் பிளாஸ்ரர் இருக்கிறது, சப்பாத்தை மாற்றலாம், பியர் குடிக்கலாம். மலைக்குள் மூன்றாம் நாள் கொப்புளம் வந்தால் இவை ஒன்றுமே இல்லை. ஆனால் அடுத்த தடவை நான் கேட்கும்போது உண்மையைச் சொல். அதுதான் முக்கியம்."

"ஓம்," என்றேன். "யெஸ்" என்று சொல்ல நினைத்தேன். ஓம் என்றுதான் வந்தது.

"இந்தச் சப்பாத்தோடு நீ எங்கேயும் போகமுடியாது. வேறு இருக்கிறதா?"

இல்லை. நான் ரொன்னின் காலைப் பார்த்தேன். அவர் காலில் என்ன இருக்கிறதென்று அதுவரை கவனிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரெனிஸ் விளையாடப் போடும் பழைய கன்வஸ் சப்பாத்து. சுண்டுவிரல் பக்கத்தில் ஓட்டை.

"மலைக்கும் இதையோ போடுறனீங்கள்?"

"இருபது வருடமாக."

இரண்டு கிழமைச் சம்பளம் என் பக்கத்தில் மஞ்சள் பொட்டோடு கிடந்தது. அதை நான் பார்க்கவில்லை.

இப்போது ரொன்னும் நானும் ஒரே நேரத்தில் தேவா அண்ணையின் காலைப் பார்த்தோம். அவர் கால்களை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இல்லை," என்றார். "இல்லை ஐசே. இது என்ர ராசியான சப்பாத்து. இதோடதான் நான் எல்லா இடமும் விளையாடுறனான்."

"இண்டைக்கு எத்தனை பந்தைத் துலைச்சனீங்கள்?"

"அது காத்து."

"என்ர சப்பாத்தைப் போடுங்கோ. உங்கட கால் பெரிசுதானே, பஞ்சும் தேவையில்லை. அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். மஞ்சளும் பூசிக் கிடக்கு."

தேவா அண்ணை முணுமுணுத்துக்கொண்டு கழற்றினார். ரொன் தன் பையிலிருந்து தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடியை எனக்கு எறிந்தார். அதைப் போட்டு, அந்தப் பழைய கன்வஸுக்குள் காலை விட்டேன். பிறருடைய வேர்வையில் பழகி, மடிந்து, மெதுமெதுவென்று இருந்தது. எழுந்து நின்றேன். நோவு இருந்தது, ஆனால் நோவு மட்டும்தான் இருந்தது. 

"போய் உன் காலடிகளை அழித்துவிட்டு வா," என்றார் ரொன். "வெளியே நின்று பலகையை உன் பக்கம் இழுக்கவேண்டும். உள்ளே நின்றல்ல."

மிச்ச மூன்று குழியையும் விளையாடினோம். கடைசிக் குழியில் என் பந்து ஒரு கல்லில் பட்டுத் தெறித்து, தானாகக் கறுப்பு மணலில் உருண்டுபோய்க் குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. தேவா அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "என்ர சப்பாத்து," என்றார்.

பின்னேரம் முழுப் பாரத்தோடு வறண்ட ஆற்றுப் படுக்கையால் நடந்தோம். தேவா அண்ணையும் பொழுது போகவில்லையென்று கூட வந்தார். மணல், பிறகு கூழாங்கல், பிறகு செங்குத்தான ஒரு மேடு. ரொன் எனக்குப் பின்னால் வந்தார். வழியில் இரண்டு முறை, "நித், கால்?" என்று கேட்டார்.

முதல் முறை, "இடது குதி நோகுது," என்றேன். நிற்கச் சொல்லி, பிளாஸ்ரரை மாற்றிவிட்டார். எவ்வளவு சுலபம்! கேட்டால் சொல்வது, சொன்னால் ஒட்டுவது. இரண்டாம் முறை, "பரவாயில்லை," என்றேன். அது உண்மை.

மேட்டின் உச்சியில் ஏறியதும் வடக்கே மலைகள் தெரிந்தன. நீலமும் ஊதாவுமாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. நாளைக்கு அங்கேதான். அவற்றைப் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது மலையைப் பார்த்து வருகிற பயம். பஸ்ஸைப் பார்த்து வருகிற பயம் அல்ல.

மறுபக்கம் தெற்கே போகும் தெரு. புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்தது. பெற்றோல் கடைக்கு முன்னால் நின்றது. கதவு திறந்ததும் மூடியதும் பொம்மைபோலத் தெரிந்தன.

"பஸ் நிற்கிறது," என்றார் ரொன். "யாராவது போகவேண்டுமா?"

எங்களுக்குப் பின்னால், மேட்டின் பாதி வழியில், ஒரு கல்லின்மேல் தேவா அண்ணை உட்கார்ந்திருந்தார். என் சப்பாத்தில் ஒன்றைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"என்னை ஏத்தி விடுங்கோ!" என்று கத்தினார். "இந்தச் சனியன் கொல்லுது! டேய் நித்தி, மஞ்சளுக்குப் பதிலா நல்லெண்ணெய் பூசியிருக்கலாமேடா!"

பஸ் அவருக்காகவும் காத்திருக்கவில்லை, எனக்காகவும் காத்திருக்கவில்லை. புழுதி அடங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரொன் இறங்கிப்போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார்.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் ரொன் மெல்பேணுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். காலநிலை பற்றி, வாகனத்தின் ரயர் பற்றி எல்லாம் நீட்டி முழக்கிவிட்டு, கடைசியில்தான், "ஓ, அந்த வெளிவேலை இடம். நித்துக்கே கொடுத்துவிடுங்கள். நடப்பான்," என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நாளைக்கு விடிய வெள்ளாப்பில் எழும்பவேண்டும், போய்ச் சாப்பிடு," என்று போனை வைத்துவிட்டார்.

தேவா அண்ணையிடம் ஒரு கசெற் ரெக்கோடர் இருந்தது. கடிதத்துக்குப் பதிலாக நான் கமலினிக்கு அதில் பேசி அனுப்புவது வழக்கம். மாசியிலிருந்து அனுப்பிய எல்லாவற்றிலும் "இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை, யோசிக்காதையும்" என்று உரக்கச் சொல்லியிருந்தேன். இப்போது கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். பக்கத்துக் கட்டிலில் தேவா அண்ணை இரண்டு காலிலும் பிளாஸ்ரரோடு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"கமலினி, நான்தான். வேலை நிரந்தரமாச்சு. மாமாவிட்டச் சொல்லும். இனி நீர் வாறதுக்கு ஒரு தடையும் இல்லை." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. ரேப் சுற்றிக்கொண்டிருந்தது.

"அழுகிறதை ரெக்கோட் பண்ணாதையும்," என்றார் தேவா அண்ணை. "பற்றரி துலையும்."

நான் மூக்கைத் துடைத்தேன்.

"இன்னொரு விசயம். நீர் பயணத்துக்கெண்டு புதுச் செருப்பு வாங்குவீர், எனக்குத் தெரியும். வாங்கிப் பெட்டிக்குள்ள வைக்காதையும். நல்ல நாள் பாக்காதையும். அண்டைக்கே போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ள நடவும். குசினிக்கும் கிணத்தடிக்கும் போட்டுக்கொண்டு திரியும். மாமி ஏசினால் ஏசட்டும். ஒரு அளவு பெரிசாயும் வாங்காதையும், உம்மட காலுக்கு அளவானதை வாங்கும். ஏனெண்டு நீர் இஞ்ச வந்த பிறகு சொல்லுறன்."

"ஏன் பிறகு? இப்பவே சொல்லும்," என்றார் தேவா அண்ணை. "கோயில் கதையையும் சேர்த்துச் சொல்லும். இல்லாட்டி ரெக்கோடரை இஞ்ச தாரும், நான் சொல்லுறன்."

நான் பொத்தானை நிறுத்தவில்லை. ரெக்கோடரை அவர் பக்கம் நீட்டினேன்.